வரிசையில் ரெண்டு பேட்

கிளப்புல இருந்து வந்த தாளை ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டு எட்டு நாள் அதைத் தொடாமலே இருந்தேன். மெம்பர்ஷிப்பைப் புதுப்பிக்கிறேனா இல்லையான்னு பங்குனி முடியறதுக்குள்ள எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா, அரியக்குடி போற ரோட்டுல எங்க சமூகத்து ஆளுக கட்டின கிளப்புல ஷட்டில் ஆடலாம். கொடுக்கலேன்னா, ஊருணிக்கு அங்குட்டு இருக்கிற பொது மைதானத்துல மண்ணுல ஆடணும். ரெண்டும் வேணாம்னா பேட்டைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு டிவி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். சொந்தக்காரவுக எனக்காக முடிவு பண்ணி வச்சிருந்தது அந்த மூணாவதுதான்.

எனக்கு வயசு அம்பத்தாறு. எங்க வீட்டுக்காரவுக போன ஐப்பசியில தவறிட்டாக. மகள் வெளிநாட்டுல இருக்கா. காரியம் எல்லாம் முடிஞ்சு அவளும் கிளம்பிப் போனதுக்கப்புறம் காலையில அஞ்சு மணிக்கு முழிப்பு மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. எட்டு வருஷப் பழக்கம். அஞ்சரைக்குக் கிளம்பி ஆறு மணிக்கு கிளப்புல நிப்போம்.

அவுகளுக்குச் சர்க்கரை ஏறினப்ப டாக்டர் நடக்கச் சொன்னாரு. நடக்க உடம்பு வணங்காது, ஒரே சலிப்புன்னாக. ஷட்டில் ஆடுறேன்னு சொல்லி, துணைக்கு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாக. போன மூணாவது மாசமே தெரிஞ்சு போச்சு, அவுகளுக்கு ஆட்டம் வராது, எனக்கு வருதுன்னு. நெட்டுக்குப் பக்கத்துல டிராபிக் போலீஸ் மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு நிப்பாக. காக்குங்கிற இறகுப் பந்து தலைக்கு மேல வந்தாலும், பக்கத்துல வந்தாலும், சமயத்துல நேரா மூக்குக்கே வந்தாலும் "உனக்கு"ன்னு ஒரே குரல்தான். பின்னாடி நான் இங்குட்டும் அங்குட்டும் ஓடி எடுப்பேன். ஜெயிச்சா கையைத் தட்டிக்கிட்டு எல்லாருக்கும் காபி சொல்றது அவுக. நான் மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பேன். கோபம் வராத நாள் இல்ல. அந்த "உனக்கு" இல்லாமதான் இனி ஒவ்வொரு காலையும் விடியணும்.

மாசி மாசம் மனசைத் தேத்திக்கிட்டு ஒரு நாள் கிளப்புக்குப் போனேன். பையில ரெண்டு பேட். ஒண்ணை எடுத்து வச்சிட்டுப் போகணும்னு தோணல, அது எப்பவும் ரெண்டாத்தான் இருக்கும். உள்ள நுழைஞ்சதும் போர்டுல மெம்பர் லிஸ்ட்டு ஒட்டியிருந்துச்சு. எங்க பேருக்கு நேரா ஒண்ணுன்னு இருந்த இடத்துல அரைன்னு போட்டிருந்துச்சு.

எங்க ஆளுகளுக்கு இது புதுசு இல்ல. கல்யாணம் ஆனா புருஷனும் பொண்டாட்டியும் சேந்து கோயில் வரிக் கணக்குல ஒரு புள்ளி. அதுல ஒருத்தர் போயிட்டா மிச்சம் இருக்கிறவுக அரைப்புள்ளி. ஆம்பளையா இருந்தாலும் பொம்பளையா இருந்தாலும் அதே முறைதான். கோயில்ல என்னை அப்படி மாத்தி எழுதினப்ப எனக்கு ஒண்ணும் தோணல. ஆனா இங்க, ஷூ போட்டுக்கிட்டு, தலையை இழுத்து முடிஞ்சுக்கிட்டு ஆடணும்னு வந்து நிக்கிறப்ப அந்த அரையைப் பாத்ததும் காது சுட்டுப் போச்சு.

கிளப் செக்ரட்டரி எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பங்காளி முறை, என்னைவிட வயசுல சின்னவரு. நல்ல மனுஷன், காரியத்துக்கு மூணு நாளும் கூடவே நின்னவரு. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு வந்தாரு.

"வாங்க ஆச்சி. உங்களுக்குச் சிரமம் இல்லாம எல்லாம் பண்ணி வச்சிருக்கேன். காலை ஆறு மணி ஆட்டம் தம்பதிகளுக்குன்னு இருக்கிறதால, நீங்க பதினோரு மணிக்கு வரலாம். வாரத்துல மூணு நாள்."

"பதினோரு மணிக்கு யாரு தம்பி வருவாக?"

"யாரும் இருக்க மாட்டாக ஆச்சி. கூச்சமில்லாம இருக்கலாம்."

"யாரும் இல்லாம யாரோட ஆடுறது? சுவத்தோடயா?"

எனக்கு அடங்கல. "கோயில் வேற, கிளப் வேற. இங்க வந்து அரைன்னு எழுதணும்னு எந்தப் புண்ணியவான் சொன்னது?"ன்னு கேட்டேன். அவரு ஆபீஸ் ரூமுக்குள்ள போயி, பழைய பச்சை அட்டை நோட்டு ஒண்ணைக் கொண்டாந்து முதல் பக்கத்தைப் பிரிச்சுக் காட்டினாரு.

"நீங்கதான் ஆச்சி."

என் கையெழுத்துதான், நான் அடியோட மறந்துட்டேன். கிளப் ஆரம்பிச்ச வருஷம், யாரை எப்படி மெம்பராச் சேக்கிறதுன்னு ஆளாளுக்குப் பேசிக்கிட்டிருந்தாக. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு, நமக்குத் தெரிஞ்ச புள்ளிக் கணக்கு இருக்கே, அது மாதிரியே வச்சுக்குவோம், யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லன்னு சொன்னது நான். கையெழுத்து நல்லா இருக்கும்னு என்னையே எழுதச் சொன்னாக. முழுப்புள்ளிக்கு என்ன, அரைப்புள்ளிக்கு என்னன்னு வரிசையா, அழகா, அடிக்கோடு போட்டு எழுதியிருந்தேன். பதினோரு மணியும் நான் எழுதினதுதான். அன்னிக்கு எனக்குப் பக்கத்துல அவுக உக்காந்திருந்தாக. அரைன்னு எழுதறப்ப அது யாரோ ஒருத்தவுக.

அந்த யாரோ ஒருத்தவுக மூணு வருஷம் முன்னாடியே வந்தாச்சு. அடுத்த தெரு ஆச்சி ஒருத்தவுக புருஷன் தவறினதுக்கப்புறம் ரெண்டு நாள் பதினோரு மணிக்கு வந்தாக. தனியா நின்னு காக்கைச் சுவத்துல அடிச்சுக்கிட்டிருந்தாகளாம். கிளப்பைக் கூட்டுற ஆளு வந்து அதைச் சொன்னப்ப நாங்க காபி குடிச்சுக்கிட்டிருந்தோம். யாரோ, "சுவரு ஜெயிச்சுச்சா, ஆச்சி ஜெயிச்சாகளா"ன்னு கேட்டாக. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். மூணாவது நாள்ல இருந்து அவுக வரல. ஏன்னு நான் போய்க் கேக்கவும் இல்ல.

நோட்டை மூடி செக்ரட்டரி கையில கொடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அவுகளுக்காக அழுதது பாதி, வெக்கத்துல அழுதது பாதி.

மைதானத்தை நான் அதுவரைக்கும் கார்ல போறப்பதான் பாத்திருக்கேன். நெட்டுக் கட்ட ரெண்டு இரும்புக் கம்பம், சுண்ணாம்புக் கோடு, ஓரத்துல ஒரு புங்க மரம். மூணு நாள் காரை ரோட்டு ஓரமா நிறுத்திட்டு உள்ள உக்காந்தே பாத்துக்கிட்டிருந்தேன். மேல கூரை இல்ல. காத்து அடிச்சா காக் தன் இஷ்டத்துக்குப் போகுது. அதனால கெட்டியான நைலான் காக்கை வச்சு ஆடுறாக. கிளப்புல தரைக்கு ரப்பர் பாய் விரிச்சிருக்கும், முட்டி தாங்கும். இங்க குதிச்சா முட்டியில விழுற அடிக்கு மண்டையில மணி அடிக்கும். பாத்ரூம் கிடையாது. "அந்த வீட்டு ஆச்சி, வருஷம்கூடத் திரும்பல, பொட்டல்ல போயி ஆடுறாக"ன்னு நாலு பேரு பேசுவாகங்கிறதும் தெரியும். இது எல்லாத்தையும் கார்ல உக்காந்து யோசிச்சேன். யோசிச்சு என்ன, கை ஸ்டியரிங் மேல தானா சர்வீஸ் போட்டுக்கிட்டிருந்துச்சு.

நாலாவது நாள் இறங்கிட்டேன்.

அங்க லிஸ்ட்டு கிடையாது. வர்றவுக வந்த வரிசைக்கு பேட்டைக் கம்பத்துக்குப் பக்கத்துல தரையில வைக்கணும். ஆட்டம் முடிஞ்சதும் முதல் நாலு பேட்டுக்கு உரியவுக உள்ள போகணும். பேங்க்காரரு, டீக்கடைக்காரரு, பள்ளிக்கூட வாத்தியாரு, யாரா இருந்தாலும் பேட்டுதான் கணக்கு. இதை எனக்குச் சொன்னது ஸ்கூல் வேன் ஓட்டுற ஒரு பொண்ணு. சாக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம், நாப்பது வயசிருக்கும். பிள்ளைகளை ஏத்தப் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஆடிட்டுப் போகுமாம். "சும்மா வைங்க ஆச்சி, பயப்படாதீக, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாக"ன்னுச்சு.

நான் பையைத் திறந்து, கிளப்புல பெஞ்சு மேல எடுத்து வைக்கிற மாதிரியே, ரெண்டு பேட்டையும் எடுத்து அடுத்தடுத்து வச்சிட்டேன். வச்சது எனக்குத் தெரியவே இல்ல.

எங்க முறை வந்துச்சு. வேன்காரப் பொண்ணு வரிசையைப் பாத்துட்டு, "ஆச்சி, ரெண்டு பேட்டு இருக்கே, கூட வந்தவுக எங்க?"ன்னு கேட்டுச்சு. வர மாட்டாகன்னு சொல்லணும். நான் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பாத்தேன். காரை நிறுத்திட்டு வர்றாக போலன்னு அது நினைச்சுக்கிச்சு.

"சரி, மெதுவா வரட்டும். பேட்டு அங்கனயே இருக்கட்டும், வரிசையைக் கலைக்க வேணாம்"னு எல்லாருக்கும் சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுச்சு.

நான் அன்னிக்கு ரெண்டு ஆட்டம் ஆடினேன். ரெண்டும் தோத்தேன். ஒவ்வொரு ஆட்டம் முடியறப்பவும் வரிசையில இருக்கிற பேட்டை எடுக்கிறவுக, எங்க வீட்டுக்காரவுக பேட்டை மட்டும் நகத்தாம விட்டுட்டு அடுத்ததை எடுத்தாக. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர், "அவுக வந்துட்டாகளா?"ன்னு கேட்டாக. யாருன்னே தெரியாத ஒரு மனுஷனுக்கு அத்தனை பேரும் இடம் விட்டு வச்சுக்கிட்டிருந்தாக. வெயில் ஏறி எல்லாரும் கிளம்புற வரைக்கும் அந்த பேட்டு முதல் இடத்துலயே கிடந்துச்சு. நானும் சொல்லல. பொய் சொல்றோமேன்னு உறுத்துச்சு, ஆனா சொல்ல மனசு வரல. ஐப்பசிக்கு அப்புறம் அவுக வருவாகன்னு யாரும் பேசி நான் கேக்கல.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் மேல இருந்த தாளை எடுத்தேன். புதுப்பிக்க விருப்பமில்லைன்னு எழுதினேன். கீழ, அரைங்கிற முறையை எழுதினது நான், அது தப்பு, அதை எடுத்துடுங்கன்னும் எழுதினேன். கமிட்டியில வச்சுப் பேசணும்னு செக்ரட்டரி சொன்னாரு. இதுவரைக்கும் ஒரு பதிலும் வரல. அடுத்த தெரு ஆச்சி இப்ப சென்னையில மகன் வீட்டுல இருக்காக. போன் போட்டு, அன்னிக்கு நான் வந்து கேட்டிருக்கணும்னு சொன்னேன். அவுக, "சுவத்துல அடிச்சா காக் சீக்கிரம் பிஞ்சு போகுது"ன்னாக.

மைதானத்துக்கு மறுநாளும் ரெண்டு பேட்டோடதான் போனேன். ஒண்ணை வீட்டுலயே வச்சிடணும்னு ராத்திரியே நினைச்சேன், காலையில கை கேக்கல. ரெண்டையும் வரிசையில வச்சேன். வேன்காரப் பொண்ணு பாத்துச்சு. "இன்னிக்காவது வாராகளா ஆச்சி?"ன்னு சாதாரணமாக் கேட்டுச்சு.

"வர மாட்டாக"ன்னேன். "ஐப்பசியில தவறிட்டாக. பழக்கத்துல வச்சிட்டேன்."

பக்கத்துல நின்னவுக என்னைத் திரும்பிப் பாத்தாக. அய்யோ பாவம்னு யாராவது சொல்லிடுவாகளோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு. சொன்னா அப்படியே பையைத் தூக்கிக்கிட்டுப் போயிடலாம்னுகூட நினைச்சேன். வேன்காரப் பொண்ணு குனிஞ்சு அவுக பேட்டை எடுத்துச்சு. பிடியில ஒட்டியிருந்த மண்ணைத் தன் துப்பட்டாவுல தொடச்சு, என் பையில போட்டு ஜிப்பை இழுத்துச்சு. அப்புறம் வரிசையைத் திரும்ப ஒரு தடவை எண்ணுச்சு.

"அப்ப ஆச்சி ஒரு ஆளு. மூணு பேட்டு முன்னாடி இருக்கு, நீங்க நாலாவது. வாங்க, இங்குட்டு என் பக்கம் நில்லுங்க."

போய் நின்னேன். சர்வீஸ் போட்டாக. காத்துல ஆடிக்கிட்டே காக் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உசரமா வந்துச்சு. நான் அண்ணாந்து பாத்துக்கிட்டு அந்தக் குரலுக்காக நின்னேன். எட்டு வருஷம் கேட்ட குரல், அது வந்தாத்தான் என் காலு நகரும். வரல. வேன்காரப் பொண்ணு என்னைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

"எனக்கு"ன்னு சத்தம் போட்டுக்கிட்டு ஓடினேன்.