எஞ்சின் குடிச்ச தண்ணி

கோலாலம்பூர்ல கடைவீதிக்குள்ள சம்பான் படகு விட்டாங்களே ஒரு பெரிய வெள்ளம், அது வடிஞ்ச மறு வருஷம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலி லயத்துல இருந்தோம், செவுத்துல இடுப்பளவு சேத்துக் கறை இன்னும் போகல. அங்கேருந்து எங்கள மேருங்கிற ஊரத் தாண்டி, கடலோரமா போற சின்ன ரயில் பாதைக்கு மாத்துனாங்க. தண்டவாளத்துக்கு அடியில கல்லு தள்ற வேலை.

ஒரு எஞ்சின், நாலு பெட்டி. ரப்பரும் கொப்பரையும் ஏத்தும். அழுகுன கொப்பரை நாத்தம் இருக்கே, சோத்துல கை வைக்க முடியாது. கடல்தண்ணி எறங்குனா சேத்து நாத்தம் வேற. அத விடு.

அங்க வாய்க்காத் தண்ணி உப்பு. எஞ்சினுக்கு ஊத்துனா கொதிகலன் கெட்டுரும். அதனால கிள்ளான் டவுன்லேருந்து நல்ல தண்ணி கொண்டாந்து, எங்க லயத்துக்கு எதுக்க இரும்புத் தொட்டியில ரொப்புவாங்க. கொழாய்க்குப் பூட்டு. சாவி, எங்கள வேல வாங்குற மண்டோர் இடுப்புல. நாங்க குடிக்கிறது வாய்க்காத் தண்ணி. வேட்டித் துணியில வடிகட்டுனா துணியில புழு நெளியும்.

என் வீட்டுக்காரிக்கு வயித்தால போச்சு. மூணு நாள். கஞ்சி வச்சா அந்தத் தண்ணி வாடைக்கே வாந்தி. "ஒரு சொம்பு நல்ல தண்ணி கெடைக்குமா"ன்னா. வாளியத் தூக்கிட்டு மண்டோர்கிட்ட போனேன். நம்மாளுதான், நெத்தி நெறைய திருநீறு.

"அண்ணே, ஒரு வாளி..."

"எஞ்சின் தண்ணியில கை வைப்பியா? ஒனக்குக் குடுத்தா நாளைக்கு லயமே வாளியோட நிக்கும் லா."

"அவ கெடக்குற கெடையப் பாருங்கண்ணே."

"எஞ்சினுக்கு வயிறு கெட்டா தொரைக்கு யாருடா பதில் சொல்றது? ஒங்களுக்கெல்லாம் பழகுன வயிறு."

சுத்தி நின்னவனுங்க சிரிச்சானுங்க. அவனுங்க பொண்டாட்டிகளும் அதே வாய்க்காத் தண்ணிதான் குடிச்சாளுங்க.

மறுநா விடியுறப்ப போய்ட்டா.

மண்டோர் வந்தாரு. பூட்டத் தொறந்து ரெண்டு வாளி அவரே புடிச்சாரு. "நல்ல தண்ணியில குளிப்பாட்டுங்கடா. செத்தவளுக்குக் கொறை வைக்கக் கூடாது."

தண்ணி கண்ணாடி மாரி, வாளியோட அடி தெரிஞ்சுச்சு. அந்தாளு மூஞ்சியில வீசியடிச்சிருக்கணும். நான் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கிட்டேன்.

அப்பறம் ரப்பர் வெல விழுந்து, பாதை கட்டுப்படியாகலன்னு தண்டவாளத்தப் பேத்தாங்க. பேத்தவன்ல நானும் ஒருத்தன். ஒரு சொட்டு வருத்தமில்ல.

இப்ப கோயில் வாசல்ல ஒக்காந்துக்கிட்டு, "கடலோரமா குட்டி ரயில் எவ்ளோ அழகா ஓடுச்சு"ன்னு பேசுறானுங்க. தம்பி, அப்புடி எவனாச்சும் பேசுனா, அது எந்தத் தண்ணியக் குடிச்சிட்டு ஓடுச்சுன்னு சொல்லு. அவ எதக் குடிச்சான்னும் சொல்லு.