சொந்தக் கையெழுத்தில்

என் வாழ்நாளில் வேலை கேட்டு ஏழு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ஆறு என் கணவருக்காக. ஒன்று எனக்காக. அந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் முதல் ஆறைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் யாருக்கும் விளங்காது. பொறுமை இருந்தால் கேளுங்கள். எனக்கே அலுத்துப்போன கதை இது.

எங்கள் தீவின் தெற்கே, ரோஸ் பெல்லுக்குக் கிழக்கே, நாலு பக்கமும் கரும்பு சூழ்ந்த ஊர் எங்களுடையது. மாமனார் விட்டுப்போன இரண்டு ஏக்கர் நிலம் இருந்தது. அதில் பாதி கருங்கல். பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் குவித்தாலும் அடுத்த மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து புதுக்கல் எட்டிப் பார்க்கும். அடுத்தடுத்து இரண்டு வருடம் புயல் வந்து கரும்பைப் பாய்போல் படுக்க வைத்துவிட்டுப் போனதும், இனி நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாது என்று என் கணவர் முடிவு செய்தார். சர்க்கரை ஆலையின் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஆசைப்பட்டதில் தப்பில்லை. படித்தவர்தான். பிரெஞ்சு சரளமாக வாசிப்பார், ஆங்கிலமும் புரியும். தீவில் எல்லோரும் பேசும் கிரியோலில் ஆரம்பித்தால், ஆலையில் கரும்பு நிறுக்கிற தராசுக்காரனையே சிரிக்க வைத்து வேலையை முடித்துக்கொண்டு வருவார். எழுத மட்டும் வராது. பதினாலு வயதில் கரும்பு வெட்டும்போது கத்தி நழுவி வலது கட்டைவிரலில் விழுந்தது. அதிலிருந்து அந்த விரல் மடங்காது. அவர் எழுதினால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். இரண்டு நாள் கழித்துக் காட்டினால் அவருக்கே புரியாது.

நான் தீவின் வடக்கே பாம்ப்ளமூஸ் பக்கத்துப் பெண். பதினாலு வயது வரை கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தேன். அவர்களில் ஒருத்தி, எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கினால் விரல் கணுவில் அளவுகோலால் அடிப்பாள். அடி வாங்கி வாங்கி என் எழுத்து அச்சடித்ததுபோல ஆயிற்று. வேறு சீதனம் பெரிதாகக் கொண்டுவரவில்லை.

வேலை அறிவிப்பு எதுவானாலும் கடைசி வரி ஒன்றுதான்: விண்ணப்பம் விண்ணப்பதாரரின் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும். முதல் முறை அதைச் சத்தமாகப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் எழுந்துபோய்த் தாளையும் மையையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

முதல் மூன்று கடிதங்களை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மனுக்கு வேண்டுதல் வைப்பதுபோல எழுதினோம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் எத்தனை வாய், புயலில் எத்தனை ஓடு பறந்தது, தன் மாமனார் எந்தக் கப்பலில் வந்தார், எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்று பக்கம் போயிற்று. பதிலே வரவில்லை. பசிக்கிறது என்று சொன்னால் யாராவது வேலை தருவார்களா? பசித்தவர்கள் எங்கள் ஊரில் வரப்புக்கு வரப்பு இருந்தார்கள்.

நாலாவது, ஐந்தாவது கடிதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டேன். வாசிக்கிறவன் காலை வெயிலில் சட்டை நனைய உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு மூன்று விஷயம் தெரிந்தால் போதும். இவனுக்கு என்ன தெரியும்? இதுவரை எங்கே செய்தான்? யாரைக் கேட்டால் உண்மை தெரியும்? ஆறாவது கடிதத்தை ஒரே பக்கத்தில் முடித்தேன். "இரண்டு ஏக்கர் நில உடைமையாளர்" என்று போட வேண்டுமென்று அவர் பிடிவாதம் பிடித்தார். அதை எடுத்துவிட்டு, தோகையைப் பார்த்தே கரும்பின் வகை சொல்வார், ஆலைத் தராசின் நடைமுறை ஏழு வருடமாகத் தெரியும் என்று எழுதினேன். விசாரிக்க ரயில் நிலைய அதிகாரியின் பெயரைக் கொடுத்தேன்.

பெரிய சண்டை காவடிக்குத்தான் வந்தது. தைப்பூசத்துக்கு ஒன்பது வருடம் விடாமல் காவடி எடுத்தவர் அவர். ஒரு மனிதனின் யோக்கியதைக்கு அதற்குமேல் சாட்சி வேண்டுமா என்பது அவர் கேள்வி. ஆலையின் வெள்ளைக்கார முதலாளிக்கு, எங்கள் பேச்சில் மிசேக்கு, அது எப்படிப் புரியும் என்று நான் கேட்டேன். கடைசியில் அந்த இடத்தில் "மது அருந்துவதில்லை" என்று எழுதினேன். பிரெஞ்சில் அது மூன்றே சொல்.

"ஒம்பது வருஷக் காவடி மூணு வார்த்தையாப் போச்சு" என்றார். அந்த மூன்று வார்த்தைதான் வேலையை வாங்கித் தந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கீழே கையொப்பம் மட்டும் அவரே போட்டார். நாலு கோடும் ஒரு சுழியும்.

வேலைக்குப் போன முதல் நாளே தலைமை எழுத்தர் ஒரு கடிதத்தை நீட்டி, இதைச் சுத்தமாக ஒரு பிரதி எடு என்றாராம். சுத்தப் பிரதி என்றால் உயிரை விடுகிற மனிதர் அவர். என் கணவருக்கு வாய் எப்போதும் கைகொடுக்கும். அழகாக எழுத வேண்டுமானால் எனக்கு அமைதி வேண்டும், வீட்டில் வைத்து எழுதி நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றாராம். அடுத்த நாள் கொண்டுபோனார். தலைமை எழுத்தர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுபோ என்று சொல்லிவிட்டார்.

ஒரு பதினைந்து நாள் சமாளித்தால் போதும், அதற்குள் ஏதாவது வழி செய்கிறேன் என்று என்னிடம் சொன்னார். அந்தப் பதினைந்து நாள் ஒன்பது வருடம் ஓடியது.

நாலு மணிக்குத் துணிப்பையில் தாள்களோடு வருவார். பின்வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து விளக்கு வைக்கும்வரை எழுதுவேன். மிச்சத்தைக் காலையில் உலை கொதிப்பதற்குள் முடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை அறிக்கைகள். அவர் சும்மா இருந்தார் என்று சொல்ல மாட்டேன். அலுவலகத்தில் ஓடியாடி நாலு பேர் வேலையைச் செய்தார். கடிதங்களின் வாசகத்தைக்கூட அவரேதான் கிறுக்கிக் கொண்டுவருவார். அந்தக் கிறுக்கலைப் படிக்க உலகத்தில் என்னால் மட்டும்தான் முடிந்தது. கப்பல் முகவருக்கு, இயந்திரக் கடைக்கு, பக்கத்துப் பள்ளிக்கு என்று ஆலையின் கடிதங்கள் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. நடுவிரலில் காய்ப்பு விழுந்தது. விரல் நுனியில் கறை போகவே போகாது. கோயிலில் பெண்கள் என்ன கறை என்று கேட்டால் வாழைப்பூ ஆய்ந்தேன் என்பேன். வருடம் முழுக்க எங்கள் வீட்டில் வாழைப்பூதான்.

ஐந்தாவது வருடம் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. அதற்குத் தலைமை எழுத்தர் ஒரு நற்சான்று எழுதினார். நேர்மையானவர், காலம் தவறாதவர், இந்த வட்டாரத்திலேயே நிகரில்லாத கையெழுத்து உடையவர் என்று. எழுதியதைச் சுத்தப் பிரதி எடுக்க என் கணவரிடமே கொடுத்துவிட்டார். பை வீட்டுக்கு வந்தது. "நிகரில்லாத கையெழுத்து" என்பதை நானே நிகரில்லாமல் எழுதினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்குக் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன், வேண்டுமென்றேதான். அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

ஒன்பதாவது வருடம் கன்னியாஸ்திரீகள் நடத்திய பக்கத்துப் பெண்கள் பள்ளியில் ஓர் இடம் காலியானது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தையலும் கையெழுத்தும் சொல்லித்தர ஓர் உதவி ஆசிரியை வேண்டும். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கையெழுத்துக்கு ஒரு வேலை, அதுவும் என் பெயரில். அவ்வளவு நாளும் நான் எழுதிய ஆயிரக்கணக்கான தாள்களில் ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அவரிடம் நேராகச் சொன்னேன்.

"போடேன், யாரு வேணாங்குறா" என்றார்.

என் விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என்னிடம் எழுத ஒன்றுமே இல்லை என்று. என்ன தெரியும் என்பதற்கு இரண்டு வரி. இதுவரை எங்கே செய்தாய் என்பதற்கு என்ன போடுவது? ஒன்பது வருடம் ஓர் ஆலைக்கு நான்தான் கை என்று போட முடியுமா? கடைசியில் "வீட்டு வேலை" என்று எழுதினேன். கணவருக்கு மூன்றே சொல்லில் கதவைத் திறந்துவிட்டவளுக்குத் தன் விஷயத்தில் ஒரு சொல் கிடைக்கவில்லை. போகட்டும், எழுத்தே என்னைப் பற்றிச் சொல்லும் என்று நம்பினேன். என் கை என் கைதானே என்று இருந்துவிட்டேன். ஊரைப் பொறுத்தவரை அது வேறொருவர் கை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

பள்ளித் தலைமைக் கன்னியாஸ்திரீயை எல்லோரும் 'மா மேர்' என்றுதான் அழைப்போம். என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் அறைக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். பள்ளிக் கூரைக்கு மரம் தருவதாக ஆலையிலிருந்து போன கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பிள்ளைகள் பார்த்து எழுதிப் பழகுவதற்காம். நான் எழுதியதுதான்.

மா மேர் என் விண்ணப்பத்தை எடுத்துச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். கோபப்படவில்லை. நிதானமாகக் கிரியோலில் பேசினார்.

"இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும் அம்மா. இது உன் கணவர் எழுதியது. அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை நான் எடுத்துக்கொள்வதில்லை. இங்கே உட்கார். உன் சொந்தக் கையால் பத்து வரி எழுது."

தாளும் பேனாவும் தந்தார். உட்கார்ந்தேன். ஒரே ஒரு வரி என் கையால் எழுதினால் போதும், வேலை என்னுடையது. ஆனால் அந்த வரியோடு என் கணவர் வேலை போகும். ஞாயிறு பூசை முடிந்ததும் மா மேரும் ஆலை மிசேயும் மாதாகோயில் வாசலில் நின்று பேசாத வாரம் கிடையாது. ஒன்பது வருடம் ஏமாற்றியவனுக்கு நற்சான்றா தருவார்கள்? வீட்டில் மாமியார், பிள்ளைகள், அந்தக் கருங்கல் நிலம். பேனா நுனியில் மை காய்ந்து மறுபடி தோய்த்தது ஞாபகம் இருக்கிறது.

பிறகு கட்டைவிரலை மடக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். அவர் கையெழுத்து எனக்கு மனப்பாடம். ஒன்பது வருடம் அதைத்தானே படித்தேன். எழுத்து கோட்டைவிட்டு இறங்கியது, ஏறியது, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. பத்து வரியையும் அப்படியே எழுதி முடித்துத் தாளை நீட்டினேன். விரல் கணு வலித்தது, யாரோ அளவுகோலால் அடித்ததுபோல.

மா மேர் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது ஏளனம் இல்லை, இரக்கம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அவ்வளவு அழகாக எழுதுகிற மனிதரோடு ஒரே வீட்டில் இருக்கிறாய்" என்றார். "கொஞ்சம் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கலாமே?"

"சரி, மா மேர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததை ஒரு வரி விடாமல் அவரிடம் சொன்னேன். அவர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நா போயி உண்மையச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டு? ரெண்டு பேரும் கத்தி எடுத்துட்டுக் கரும்பு வெட்டப் போலாமா?" என்றேன்.

அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. சொல்லக் கூடாது என்றும் இருந்தது. இரண்டும் உண்மை. அவர் என்னைக் கேட்காமல் போயிருந்தால் அவரைத் தடுத்திருப்பேனா என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்டார், அதனால் தடுத்தேன்.

அந்த வேலைக்கு யாரும் கிடைக்கவில்லையோ என்னவோ, இரண்டு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து ஆலைக்கு ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகள் பார்த்து எழுத, பெரிய அட்டையில் எல்லா எழுத்துகளையும் உங்கள் எழுத்தர் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார் மா மேர். கீழே அந்த எழுத்தரின் பெயரும் இருந்தால் நன்றாக இருக்குமாம். பையில் அட்டை வந்தது. அதை என் கணவர் என் முன்னால் வைக்கவில்லை, மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நான்தான் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வரிசையாக, ஒவ்வொன்றும் கோட்டில் உட்காரும்படி எழுதினேன். முடித்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். கீழே விட்டிருந்த இடத்தில் அவர் கையொப்பம் போட்டார். நாலு கோடும் ஒரு சுழியும்.

அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மா மேர் அந்தக் கையொப்பத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாராம். பிறகு, படித்தவர்கள் கையொப்பம் இப்படித்தான், யாருக்கும் விளங்காது என்று சொல்லிச் சுவரில் மாட்டச் சொன்னாராம். வந்து அதை என் கணவர்தான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மணிப் பையில் அன்றைக்கு ஆறு கடிதங்கள் இருந்தன.