ஒற்றை விசில்

கண்டக்டர் தாண்டவராயன் பஸ்ஸை நிறுத்த ஒற்றை விசில் ஊதினார். சத்தம் வரவில்லை. காற்று இடது கடைவாய் வழியாக எச்சிலோடு புஸ்ஸென்று போனது.

கூட்டேரிப்பட்டில் அவர் இரட்டை விசில் கொடுத்து பஸ் நகர்ந்த பிறகுதான், மல்லாட்டை மூட்டையோடு ஒரு அம்மாள் "எறங்கணும், எறங்கணும்" என்று படிக்கு ஓடிவந்தாள். ஒரு கால் வெளியே போய்விட்டது. வலது கையால் அவள் தோளைப் பிடித்தார். இடது கை கம்பியில். உதட்டைச் சேர்த்துப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. விசிலைத் துப்பிவிட்டு "நிப்பாட்டு" என்று கத்தினார். அதுவும் குழறியது. பக்கத்துத் தகரத்தை உதைத்தார்.

பஸ் நின்றது. அம்மாள் பிடி நழுவி விழுந்து தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். முட்டியில் சிராய்ப்பு. மூட்டை அவிழ்ந்து வேர்க்கடலை ரோடெல்லாம் சிதறிக்கிடந்தது.

டிரைவர் சவுரிராயன் இறங்கி வந்தார். "இன்னாண்ணே, ஒத்தை ஊதுனியா இல்லியா?"

"ஊதுனேன்."

"எனக்குக் கேக்கலியே."

தாண்டவராயன் குனிந்து மல்லாட்டையைப் பொறுக்கினார்.

நான்கு நாள் முன்பு, திண்டிவனத்து வீட்டில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பாதி முகம் அசைந்தது. மறுபாதி வேடிக்கை பார்த்தது. இடது கண் மூடவில்லை. பக்கவாதம் என்று மனைவி தையல்நாயகி அழுதாள். அது இல்லை என்றார் டாக்டர். மாத்திரை எழுதி, முகப்பயிற்சிக்கு அஸ்வினி என்ற பெண்ணிடம் அனுப்பினார்.

அவள் தன் உள்ளங்கையை அவர் காதடியில் வைத்து, ஐந்து விரலையும் முகத்தின் மேல் விரித்தாள்.

"ஒரே நரம்புதாங்க. மூளையிலேர்ந்து வந்து, காதுக்குப் பின்னாடி எலும்புச் சந்துல பூந்து வெளிய வருது. அந்தச் சந்துல வீங்கி நெரிபட்டுக்கினு இருக்குது. வெளிய வந்ததும் அஞ்சா பிரியும். நெத்தி, கண்ணு, கன்னம், தாடை, கழுத்து."

"விழுப்புரம் ஜங்ஷன் கணக்கா."

"அப்படியே வெச்சிக்கங்க. சந்துக்குள்ளயே ரெண்டு மூணு சின்னக் கிளை கழண்டுக்கும். ஒண்ணு நாக்கு ருசிக்கு. ஒண்ணு, பெரிய சத்தம் வந்தா காதைக் காப்பாத்த."

சாம்பாரில் உப்பில்லை என்று தையல்நாயகியோடு சண்டை போட்டது ஞாபகம் வந்தது. இடது காதில் ஹாரன் ஊசியாய் ஏறுவதற்கும் காரணம் தெரிந்தது.

"விசில் ஊத வருமா?"

"பெரும்பாலும் திரும்பிரும். வாரக்கணக்கு ஆவலாம், மாசமும் ஆவலாம். அதுவரைக்கும் டூட்டி வேணாங்க."

இருபத்திரண்டு வருஷம் இந்த லைன். விட்டால் மாற்று கண்டக்டர் அன்புச்செல்வன் ஏறிக்கொள்வான். ஏறியவன் இறங்கியதாக அந்த ஆபீஸில் சரித்திரம் இல்லை. சளி என்று துண்டால் வாயை மூடிக்கொண்டார். துண்டுக்கு அடியில் இடது உதட்டோரத்தை விரலால் கிள்ளிப் பிடித்தால் விசில் கேட்டது. மூன்று நாள் அப்படியே ஓடியது.

"மொகத்துக்கு இன்னாண்ணே ஆச்சு?" ரோட்டில் மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவரின் துண்டைப் பார்த்தபடி சவுரிராயன் கேட்டார்.

தாண்டவராயன் துண்டை எடுத்தார்.

அந்த அம்மாள்தான் முதலில் பேசினாள். "அடப்பாவி, இந்த வாயை வெச்சிக்கினா ஊதிக்கினு வர்ற?"

சவுரிராயன் அம்மாளைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். பிறகு, "உன் ஒத்தைய நம்பித்தாண்ணே நான் பின்னாடி பாக்கறதே இல்ல" என்றார். "ஆபீஸ்ல நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன்."

விழுப்புரம் வரைக்கும் தகரத்தைத் தட்டியே பஸ்ஸை நிறுத்தினார்.

மறுநாள் காலை ஆபீஸில் சொன்னார். டிக்கெட் மிஷினை வாங்கிக்கொண்டார்கள். விசிலைக் கேட்கவில்லை. எட்டு பத்துக்குக் கிளம்பும் பஸ்ஸில் அன்புச்செல்வன் ஏறினான். தாண்டவராயன் வீட்டுக்கு வந்து கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இமையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். கண்ணாடி முன் நின்று புருவத்தைப் பத்து முறை தூக்கினார். விசிலை வாயில் வைத்து, கையைக் கீழே தொங்கப்போட்டு ஊதினார். காற்று மட்டும் வந்தது. மதியம் உப்புக் கேட்காமல் சாம்பார் சாதம் சாப்பிட்டார்.