ஜன்னலோரக் கட்டில்

மூன்று மாதம் என் இருமலுக்கு மிளகாய் வற்றல் மூட்டையின் மேல் பழி போட்டேன். கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மூட்டையைப் பிரித்தால் தெருவே இருமும். சாயங்காலமானால் வருகிற காய்ச்சலுக்குத்தான் பழி போட எதுவும் கிடைக்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்காமல் போனபோது என் மனைவி செல்வி என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சளிப் பரிசோதனையில் காசநோய் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்) என்று தெரிந்தது. வலது பக்கம் நீர் வேறு கோத்திருந்தது (நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் நீர் சேர்வது). "ஆறு மாசம் மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது. இப்ப வார்டுல இருங்க" என்றார் டாக்டர்.

வார்டு வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். உயரமான ஓட்டுக் கூரை, ஆள் உயர ஜன்னல்கள், பன்னிரண்டு கட்டில்கள். கோடியில் ஜன்னலை ஒட்டிக் கிடந்த கட்டிலைப் பற்றி முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் காலராவிலும் அம்மையிலும் சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தது இந்த வார்டில்தானாம். அன்றிலிருந்தே அந்த இடத்தில் படுத்தவர் எழுந்து நடந்ததில்லையாம். கோயிலுக்குப் போகவே சோம்பல்படுகிற ஆள் நான். இதை மட்டும் அப்படியே நம்பினேன்.

நான் வந்தபோது அதில் எப்போதும்வென்றான் ஊரைச் சேர்ந்த சுப்பையா அண்ணாச்சி படுத்திருந்தார். சம்சாரி, காட்டில் விவசாயம் பார்ப்பவர். முன்பு இரண்டு மாத மாத்திரையில் அவருக்கு இருமல் நின்றிருக்கிறது. உளுந்து அறுப்பு வந்ததும் மாத்திரையை விட்டுவிட்டார். திரும்பி வந்த நோய் இரண்டு நுரையீரலையும் தின்றிருந்தது. "எங்க ஊருப் பேரப் பாத்தியளா? நாங்க தோத்துப் போவமா?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் இறந்துபோனார். அவர் மனைவி தட்டையும் டம்ளரையும் துணியில் முடிந்துகொண்டு, எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். சாவு விழுந்த இடத்தில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாதல்லவா. நான் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் எனக்கு மூச்சுத் திணறியது. சிஸ்டர் கிரேஸ், "அண்ணாச்சி, கோடியில இருக்க ஜன்னல் கட்டிலுக்கு மாறுங்க" என்றார்.

செல்வி முந்திக்கொண்டாள். "இவியள அதுல படுக்கவிட மாட்டேன் சிஸ்டர். அதுக்கு வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிருதேன்."

நானும் கட்டிலுக்கடியில் பையைத் தேடினேன்.

"கட்டிலா ஆளக் கொல்லுது?" சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரொம்ப முடியாதவியளத்தான் அங்கன போடுதோம். ஆக்சிஜன் அங்கன இருக்கு, எனக்கும் கண்ணெதிர. மத்த ஜன்னலப் பாருங்க. வாடைக்காத்து ஆகாதுன்னு ஆளாளுக்குச் சேலையக் கட்டி அடைச்சிருக்கீங்க. ஒருத்தர் இருமுன காத்தையே வார்டு பூராவும் குடிக்கீங்க. அங்கன செத்தவியள மட்டும் எண்ணுதீங்க. எந்திரிச்சிப் போனவியள நான் எண்ணி வச்சிருக்கேன்."

என் தலைமாட்டு ஜன்னலை அடைத்திருந்தது செல்வியின் பச்சைச் சேலை. கட்டியவன் நான்தான்.

"எத்தன பேரு சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"மொதல்ல நீங்க எந்திரிங்க. சேத்துச் சொல்லுதேன்."

செல்வி ஜன்னலில் கட்டியிருந்த சேலையை அவிழ்த்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்ப் படுத்தேன். அன்று பகல் முழுவதும் கண்ணை மூடவில்லை. மூடினால் திறக்க மாட்டேனோ என்ற பயம். கரிசல் புழுதி வாசனையோடு காற்று வந்துகொண்டே இருந்தது. மறுநாள் ஊசி வைத்து நீரை இறக்கினார்கள். ஒரு வாரத்தில் கக்கூஸுக்குத் தனியாக நடந்தேன். பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் மாதம் இருமல் நின்றது. பசி வந்தது. நமக்குத்தான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை என்று மனசு கேட்டது. அப்போதெல்லாம் சுப்பையா அண்ணாச்சியின் சிரிப்பு ஞாபகம் வரும், விழுங்கிவிடுவேன். இதைப் படிக்கிற நீங்களும் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவராக இருந்தால், உங்களுக்கும் அந்த மாதம் வரும். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

ஆறு மாதம் முடிந்து, சளியில் கிருமி இல்லை என்ற தாளோடு வார்டுக்குப் போனேன். ஜன்னல்கள் திறந்திருந்தன.

"இப்பம் சொல்லுங்க சிஸ்டர், எத்தன பேரு?"

சிஸ்டர் சிரித்தார். "எங்க எண்ணுனேன்? ஒங்கள அங்கன படுக்க வைக்கதுக்காகச் சொன்னேன். இனிமேத்தான் எண்ணணும்."

அவருக்குப் பின்னால் புதிதாக வந்த நோயாளி ஒருவர் பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். மூச்சு இரைத்தது. கோடிக் கட்டிலைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். யாரோ அந்தக் கட்டிலின் கதையைச் சொல்லிவிட்டார்கள்.

 

நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கட்டிலில் மல்லாந்து படுத்தேன். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். வலது பக்கம் கொஞ்சம் பிடித்தது. அது இனி என்னோடுதான் இருக்கும்; இப்போதும் மாடிப்படியில் ஆறாவது படியில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுகிறேன். பிறகு எழுந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி நின்றேன்.

"பாத்தீங்களா, எந்திரிச்சிட்டேன். இப்பம் நீங்க படுங்க" என்றேன்.