நீலம் பூண்ட சார்ஜன்

பல் பிடுங்கப் போன இடத்தில், காத்திருக்கும் அறையின் கண்ணாடித் தொட்டிக்குள் பழைய ஆள் ஒருவரைக் கண்டேன். விரலளவு மீன், மஞ்சள் முதுகு, ஐந்து கறுப்புப் பட்டிகள். "சார்ஜன்!" என்று கத்திக்கொண்டு எழும்பிவிட்டேன். பல்வலி தலைக்கேறிவிட்டது என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

பொலிஸ் சார்ஜனின் கைப்பட்டி போலக் கோடுகள் இருந்ததால் வெள்ளவத்தைப் பிள்ளைகள் நாங்கள் வைத்த பெயர் அது. இரண்டாம் உலக யுத்த காலம். ரயில் பாதையைத் தாண்டினால் கடல். அது வற்றும் நேரத்தில் பாறைகளுக்கிடையே குளம் குளமாகத் தண்ணீர் நிற்கும். உள்ளே சார்ஜன்கள் கூட்டமாகத் திரிவார்கள். அப்பா மலாயாவில் கிளாக்கர். யப்பான்காரன் அங்கே புகுந்த பிறகு ஒரு கடிதமும் இல்லை. அக்கா பத்மா டொக்டராகப் போகிறவள். அதுவரை அவளுடைய நோயாளி நான்தான். எத்தனை போத்தல் விளக்கெண்ணெய் குடித்திருப்பேன், கேளாதீர்கள்!

ஒருநாள் ஒரு சார்ஜன் மட்டும் மஞ்சள் போய்க் கருநீலமாகி, ஒரே பாறையைச் சுற்றிக்கொண்டு நின்றது.

"உதுக்கு ஏதோ வருத்தமடி. வீட்டை கொண்டுபோய்ப் பாப்பம்," என்றாள் அக்கா.

ஓடிப்போய்ப் பால் வாளியை எடுத்து வந்தேன். நோயாளி அவள் விரலைக் கடித்தது. ஒருபடியாக வாளிக்குள் அள்ளியதுதான் தாமதம், மற்ற மீன்களெல்லாம் அந்தப் பாறையில் விழுந்து கொத்தத் தொடங்கின. குனிந்து பார்த்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறம், அத்தனையும் முட்டை!

"ஐயோ, விடடி! கெதியா விடு!"

வாளியைக் கவிழ்த்தேன். அது பாய்ந்த பாய்ச்சலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! எல்லாவற்றையும் துரத்திவிட்டு, மிச்ச முட்டைகளுக்குச் செட்டையால் விசிறத் தொடங்கிவிட்டது. தாய் என்றால் தாய்தான் என்று நான் உருகிப்போனேன். மறுநாள் அக்கா டீச்சரிடம் கேட்டுவந்து மூச்சிரைக்கச் சொன்னாள்:

"தாய் இல்லையடி, தேப்பன்! தாய் முட்டையை இட்டிட்டுப் போயிடுமாம். பொரிக்குமட்டும் இவர்தான் காவல். அந்த நேரம் நிறம் மாறுமாம்!"

அன்றிலிருந்து மீன் எங்களுக்கு 'அவர்' ஆனார். பள்ளிக்கூடம் விட்டால் ஓட்டம்தான். முட்டைகளுக்குள் வெள்ளிப் பொட்டாகக் கண்கள் தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் பாறை வெறுமையாக இருந்தது. குனிந்து குனிந்து தேடினோம். அவரோ பழையபடி மஞ்சளாகி நின்றார். பிறகுதான் பார்த்தோம், ஓரத்துத் தண்ணீரில் கண்ணும் வாலுமாகத் தூசி போலச் சில குஞ்சுகள் துள்ளின.

"பொரிச்சிட்டுதடி! அப்பா வந்தவுடனை முதல் இதைத்தான் சொல்லவேணும்!"

பாவாடை நனைய நனைய ஆடினோம். கடந்து போன ரயிலிலிருந்து யாரோ கை காட்டினார்கள்.

யுத்தம் முடிந்து மலாயாக் கப்பல்கள் வரத் தொடங்கியதும் அக்கா என்னை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போவாள். கதையை யார் தொடங்குவது என்று வழியெல்லாம் சண்டை. அப்பா எந்தக் கப்பலிலும் வரவில்லை. அந்தப் பாறைகளின் மேல் இப்போது ரோட்டுப் போகிறது. அக்காவும் இல்லை. கதையை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.