எதிர்மலைக்குப் போன சீழ்க்கை

செலெரினாவுக்கு ஏழு வயதிருக்கும்போது அம்மா அவள் வாயில் ஒரு போடு போட்டாள். ஆடு மேய்க்கப் போன இடத்தில் அண்ணனைக் கூப்பிட உதட்டைக் குவித்துச் சீழ்க்கை அடித்திருந்தாள்.

"ஆம்பளைப் பய மாதிரி ஊதுறியா? ஊரு என்னடி பேசும்?"

மாசாதெக் மக்கள் வாழும் அந்த மலைகளில் ஆண்கள் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பேசுவது சீழ்க்கையில்தான். அவர்கள் மொழியில் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் ஊதினால் போதும், எதிர்மலைக்காரனுக்கு விஷயம் விளங்கிவிடும். விறகு விலை பேசி முடிப்பார்கள், கழுதையை இரவல் கேட்பார்கள், சண்டைகூடப் போடுவார்கள். பெண்களுக்கு அத்தனையும் புரியும். ஆனால் ஊத மாட்டார்கள்.

தெல்ஃபினோ அவளைப் பெண் கேட்பதற்கு முன்பு கீழ்ப்பாதையில் நின்றுகொண்டு, "சிவப்பு ரிப்பன், எங்க போற?" என்று ஊதுவான். பதில் சொல்ல வழியில்லாமல் செலெரினா மக்காச்சோளக் கட்டையை அவன் தலைக்குக் குறிபார்த்து எறிவாள். அப்படித்தான் கல்யாணம் ஆனது.

தெல்ஃபினோவின் சீழ்க்கை மூன்று மலை கேட்கும் என்பார்கள். போன வருடம் அவனுடைய கோவேறு கழுதை உதைத்ததில் முன்பல் நான்கும் போய்விட்டன. அதற்குப் பிறகு உதட்டில் வெறும் காற்றுதான் வந்தது. தூரத்திலிருந்து யாராவது நலம் விசாரித்தால் தொப்பியைத் தூக்கிக் காட்டுவான். வீட்டுக்கு வந்ததும் கழுதையைத் திட்டுவான்.

செப்டம்பரில் மழை விடாமல் பெய்த வாரம் அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் சோளக்காட்டில் சாய்ந்த தட்டைகளை நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். எதிர்மலையில் தடதடவென்று மண் சரியும் சத்தம் கேட்டது. மூடுபனி விலகியபோது, வளைவுக்கு அப்பால் சாலையில் ஒரு துண்டைக் காணவில்லை. சிவப்பு மண் ஓடைவரை வழிந்து கிடந்தது.

"சந்தை வண்டி வர்ற நேரமாச்சே!" என்றாள் செலெரினா.

அபுந்தியோவின் லாரியில் பாதி ஊர் சந்தைக்குப் போயிருந்தது. தெல்ஃபினோவின் தங்கை ஒதிலியாவும் அதில்தான் வர வேண்டும்.

தெல்ஃபினோ கத்திப் பார்த்தான். ஓடையின் இரைச்சலில் சத்தம் போகும், சொல் விளங்காது. தொப்பியை ஆட்டினான். அதற்குள் பனி மறுபடியும் மூடிக்கொண்டது. உதட்டை இழுத்துப் பிடித்து ஊதினான், எச்சில்தான் தெறித்தது.

எதிர்மலையின் மேலே சக்கரத்தடியில் கற்கள் நொறுங்கும் சத்தம் கேட்டது. இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டி வருவது அபுந்தியோவின் பழக்கம்.

செலெரினா உதட்டைக் குவித்தாள். முதல் ஊதல் பிசிறியது. இரண்டாவது கத்தி மாதிரி போனது.

"அபுந்தியோ! நிறுத்து! வளைவுக்கு அந்தாண்ட ரோடு இல்ல!"

பிரேக் கிறீச்சிட்டது. அபுந்தியோ இறங்கி வளைவுவரை நடந்து பார்த்திருக்க வேண்டும். கடைசியில் பனிக்குள்ளிருந்து சீழ்க்கையில் பதில் வந்தது.

"பார்த்துட்டேன். சாமி காப்பாத்துச்சு. யாரது? தெல்ஃபினோவா? பல்லு முளைச்சிருச்சா உனக்கு?"

தெல்ஃபினோ அவள் கையைப் பிடித்தான். "ஆமான்னு ஊது புள்ள. பேச்சு இதோட போயிரும்."

செலெரினா யோசித்தாள். அவன் சொல்வது வசதிதான். ஊர் வாய்க்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் நாளைக்கு அவனைப் பார்த்து எவனாவது ஊதும்போது என்ன செய்வது? அதைவிட, வண்டியை நிறுத்தியது அவள்.

"செலெரினா" என்று ஊதினாள்.

அந்தப் பக்கம் ஆட்கள் சிரித்தது லேசாகக் கேட்டது. அபுந்தியோ சிரித்தானா என்று தெரியவில்லை. அடுத்து அவன் ஊதியது கேலியாக இல்லை.

"சரி செலெரினா. எந்தப் பக்கமா எறங்குறது? இங்க கண்ணு தெரியல."

"காப்பித் தோட்டத்துக்குள்ள ஒத்தையடிப் பாதை இருக்கு. கூட்டமா வராதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க."

அவர்கள் ஓடைப் பாலத்துக்கு வரும்வரை அவள் ஊதிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தத்தை வைத்து அவர்கள் திசை பிடித்தார்கள். அபுந்தியோவைத் தவிர எல்லோரும் சேறும் சகதியுமாக வந்து சேர்ந்தார்கள். ஒதிலியா கூடையை இறக்கி வைத்ததும் வாயைத் திறந்தாள்.

"ஏன் மதினி, எங்கண்ணன் ஊதாம சும்மா இருக்குதுன்னு நீங்க மீசை வச்சுட்டீங்களா?"

"ஆமாடி. நாளைக்கு உனக்கும் ஒண்ணு ஒட்டி விடுறேன்."

"ஐயோ வேண்டாம். இதை எங்க மாமியா கேட்டா ஒப்பாரி வச்சிருவாங்க." சொல்லிவிட்டு ஒதிலியா அவள் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

சாலை சரியாகப் பல வாரம் ஆகும் என்றார்கள். லாரியோடு அபுந்தியோ அந்தப் பக்கமே தங்கிவிட்டான். உப்போ மண்ணெண்ணெயோ வேண்டுமென்றால் இங்கிருந்து ஊதித்தான் அவனிடம் கேட்க வேண்டும்.

மறுநாள் காலையில் எதிர்மலையிலிருந்து அபுந்தியோ ஊதினான். தெல்ஃபினோவின் பெயரை அல்ல, அவள் பெயரை.

தெல்ஃபினோ அடுப்படிக்கு வந்து நின்றான். "கூப்பிடுறான்."

"காதுல விழுந்துச்சு. கல்லுல ரொட்டி கெடக்கு. செத்த இருக்கச் சொல்லு."

"நான் எப்படிச் சொல்றது?"

செலெரினா சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அது உப்பட்டும், அப்புறம் போய் ஊதலாம் என்று காத்திருந்தாள்.