பரிமளா கேட்ட இடைவெளி

"மேடம், எனக்குப் புள்ள வேணுங்க. மாத்திரைய நிறுத்திடட்டுமாங்க?"

மருந்தக ஜன்னலில் குனிந்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி பரிமளா இதைக் கேட்டாள். கள்ளக்குறிச்சியில் அரசு ஃபார்மசிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நான் வேலையில் இருந்தபோது நடந்தது இது.

பரிமளா மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரி. முப்பத்தொரு வயதில் மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து ஆபரேஷனும் ரேடியேஷனும் முடித்திருந்தார்கள். ஹார்மோனால் வளரும் வகை என்பதால், அந்த ஹார்மோனைத் தடுக்க தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை, குறைந்தது ஐந்து வருஷம். அதனால் மலைக்குளிரிலும் உடம்பு திகுதிகுவென்று எரிகிறது, வியர்வையில் ஜாக்கெட் நனைகிறது என்பாள். ஆனாலும் இரண்டரை வருஷமாக ஒரு மாதம்கூட மாத்திரை வாங்க வராமல் இருந்ததில்லை.

நீயாக நிறுத்தாதே, இது சாப்பிடும்போது கர்ப்பமும் ஆகக்கூடாது என்று சொல்லி, கேன்சர் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். அவர் எல்லா டெஸ்ட்டும் பார்த்த பிறகு, மாத்திரைக்கு இடைவெளி விடலாம் என்றார். மருந்து உடம்பை விட்டுப் போக மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அதிகபட்சம் இரண்டு வருஷத்தில் மறுபடி தொடங்கிவிட வேண்டும். கட்டி திரும்பாது என்று யாரும் உறுதி தர முடியாது என்பதையும் மறைக்கவில்லை. பரிமளா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

குழந்தை பிறந்தால் இவள் மாத்திரைப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன்.

அந்த இரண்டு வருஷக் கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே வந்து நின்றாள், இடுப்பில் ஏழு மாதப் பெண் குழந்தையோடு. இந்த மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது. அதனால் முந்தின வாரமே பால் மறக்கடித்திருந்தாள். குழந்தை மாராப்பை இழுத்து அழுதுகொண்டிருந்தது. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"ரெண்டு வாரம் இருக்கேம்மா, அதுவரைக்கும் குடுத்திருக்கலாமே" என்றேன்.

"பாலுக்கு வேற வழி கீதுங்க மேடம். இதுக்கு வேற அம்மா இல்ல" என்று சீட்டை நீட்டினாள்.

நான் எழுந்து நின்றுதான் அந்த மாத்திரையைக் கொடுத்தேன்.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். இளம்பெண் யாராவது இந்த மாத்திரைக்கு வந்தால், குழந்தை ஆசை உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். டாக்டரிடம் பேச அனுப்புங்கள். பரிமளாவுக்கு அதைக் கேட்கும் தைரியம் வர இரண்டரை வருஷம் ஆனது. அத்தனை மாதமும் அவள் என் முன்னால்தான் நின்றாள்.